நாணயத்துக்கு யார் சாட்சி? – மலையகத்துப் பவுண் காசும் இணைய ஏலமும்

இலங்கையில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இன்றைக்குப் பவுண் என்ன விலை?" என்பதுதான். தமிழ்நாட்டில் இதையே சவரன் என்பார்கள். இரண்டும் ஒரே காசின் பெயர்கள். 1817 ஆம் ஆண்டு லண்டன் அரச நாணயச்சாலை வெளியிட்ட சொவரின் என்னும் தங்கக் காசு, ஒரு பவுண் ஸ்ரேர்லிங் பெறுமதி கொண்டது. அதன் எடை 7.98 கிராம். தரம் 22 கரட். அதில் அடங்கிய சுத்தத் தங்கம் 7.32 கிராம். எமது நகை வணிகர்கள் அந்த எடையை 8 கிராம் என்று முழுமையாக்கிக் கொண்டார்கள். காசு கைக்குக் கை மாறிய காலம் முதலாம் உலகப் போரோடு முடிந்துபோனது. பெயர் மட்டும் எமது அளவையாக நிலைத்துவிட்டது.

இந்தப் பவுண் காசைப் பற்றி இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அண்மைக் காலமாக வெளிநாடுகளில் வாழும் மலையகத் தமிழரின் பிள்ளைகள் சிலர், இணைய ஏலங்களில் பழைய தங்கக் காசுகளை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். பாட்டி அணிந்திருந்து பின்னர் விற்றுவிட்ட காசுமாலையின் ஒரு காசையாவது மீட்டெடுக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு. அந்த ஆசையை அறிந்தவர்கள் போல விற்பனையாளர்களும், "சிலோன் தோட்டத் துரையின் சேமிப்பு", "நுவரெலியா பங்களாவில் கிடைத்தது" என்றெல்லாம் விளம்பரம் எழுதுகிறார்கள். பெரும்பாலான காசுகளுக்குத் தரச்சான்று கிடையாது. ஒரு புகைப்படமும் நான்கு வரி வர்ணனையும் மட்டுமே உண்டு. அந்த நான்கு வரியை மதிப்பிடுவதற்கு எமது வரலாற்று அறிவே முதல் உரைகல் என்பது எனது எண்ணம்.

வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். பிரித்தானியர் 1825 இல் இலங்கையில் ஸ்ரேர்லிங் நாணய முறையை அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் வரத் தொடங்கியபின், அவர்கள் நம்பி வாங்கியதும் ஊருக்குக் கொண்டுசென்றதும் இந்திய வெள்ளி ரூபாவைத்தான். 1869 இல் அந்த ரூபாவே இலங்கையின் சட்டபூர்வமான நாணயமாயிற்று. 1872 இல் அது நூறு சதங்களாகப் பகுக்கப்பட்டது. விக்டோரியா மகாராணியின் தலையும் மறுபுறம் ஒரு பனை இன மரமும் பொறித்த ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம், கால் சதம் ஆகியன செம்பில் வந்தன. 1892 முதல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதக் காசுகள் வெள்ளியில் வந்தன.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இலங்கைக்கென்று, புழக்கத்துக்காகத் தங்க நாணயம் அச்சிடப்படவே இல்லை. மலைநாட்டில் இருந்த தங்கக் காசுகள் லண்டனிலிருந்தோ, அவுஸ்திரேலியாவிலிருந்தோ, இந்தியாவிலிருந்தோ வந்தவை. ஆகவே "விக்டோரியா காலத்துச் சிலோன் தங்க நாணயம்" என்ற தலைப்போடு ஒரு மரம் பொறித்த மஞ்சள் காசைக் கண்டால், தங்க முலாம் பூசிய செப்புச் சதமோ என்ற ஐயம் உடனே எழவேண்டும். ஒரு செப்புச் சதத்துக்கு முலாம் பூசுவதற்கு இரசவாதம் தேவையில்லை. சாதாரண நகைப் பட்டறையே போதும்.

கோப்பிக் காலத்தின் முடிவில் மலைநாட்டவர் நாணயத்தைப் பற்றிக் கசப்பான பாடம் ஒன்றைக் கற்றார்கள். 1869 இல் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி, 1884 மே மாதம் கதவை மூடியது. அன்று இலங்கையில் புழங்கிய தாள்களில் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்டவை. நேற்றுவரை பணமாக இருந்த தாள் ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிடும் போலிருந்தது. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அதைத் தொடர்ந்து 1885 முதல் அரசாங்கம் தானே தாள்களை வெளியிட்டது.

தாளுக்கு அன்று ஒரு தேசாதிபதி பொறுப்பேற்றார். பழைய தங்கக் காசுக்கு அப்படி யாரும் பொறுப்பேற்பதில்லை. அதன் தங்கத்துக்கு அதன் எடையே சாட்சி. அதன் அருமைக்கோ, அறிந்தவரின் கண் ஒன்றைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

தொழிலாளர் குடும்பங்களில் பவுண் எவ்வாறு சேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். லயத்துக் காம்பராவில் இரும்புப் பெட்டி கிடையாது. வங்கிக் கணக்கும் கிடையாது. பெரிய கங்காணியிடம் பட்ட முற்பணக் கடனும், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கடனோடு சேர்த்துத் தொழிலாளரைக் கைமாற்றிய துண்டு முறையும் அவர்களை அழுத்தின. துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணி வீட்டுப் பெண்கள் காசுமாலை அணிந்தார்கள். சாதாரணத் தொழிலாளியின் மனைவி, மூக்குத்தியும் தோடும் போக, ஒரு காசைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட முடிந்தால் அதுவே பெரிய செல்வம். அவசரம் வந்தால் அது அடகுக்குப் போகும். சில வேளைகளில் திரும்பி வரும்.

அந்த ஒரு காசு எத்தனை நாள் உழைப்பு? 1929 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளத்தின்படி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். அன்று ரூபாவின் பெறுமதி ஒரு சிலிங் ஆறு பென்ஸ். எனவே இருபது சிலிங் கொண்ட ஒரு பவுண், 13 ரூபா 33 சதம். ஆண் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய 25 நாள் வேலை. பெண்ணுக்கு 31 நாள். அதுவும், அரிசிக்காக ஒரு சதமும் கழிக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்து வைத்தால்தான்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த நாட்களின் உலகத் தங்க விலைப்படி 22 கரட் பவுண் ஒன்று ஏறத்தாழ 1,85,000 ரூபா. அதாவது சுமார் 137 நாள் வேலை. முன்னொரு காலத்தில் ஒரு மாதக் கூலியில் அடங்கிய காசு, 2024 இல் ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட வேலைநாட்களைக் கேட்டது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், ஒரு போலிக் காசு ஒரு குடும்பத்திடமிருந்து எதைப் பறிக்கிறது என்பது விளங்கும்.

பின்னர் வந்தது பிரிவுக் காலம். 1964 அக்டோபர் 30 ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவது என்றும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நாடு திரும்புவோர் தமது சொத்துகளை எடுத்துச் செல்லலாம் என்றும், ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் குறையாது என்றும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. அக்கரையிலோ, 1963 முதல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறையில் இருந்தன. அந்தச் சட்டம் 1990 இல்தான் நீக்கப்பட்டது.

தலைமன்னாருக்கு ரயில் ஏறுமுன் நகைகளை விற்றுவிட்டுப் போன குடும்பங்களை, எனது சிறு பிராயத்தில் ஹட்டனில் பார்த்திருக்கிறேன். நகைக்கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அன்று விற்கப்பட்ட காசுகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டிருக்கும். ஆகவே இன்று எங்கோ ஓர் ஏலத்தில், "மலைநாட்டுக் குடும்பச் சொத்து, அன்றிருந்தபடியே" என்று வரும் காசைப் பார்த்து எமது பிள்ளைகள் நெகிழ்வது இயல்பு. ஆனால் நெகிழ்ச்சி வேறு, ஆதாரம் வேறு.

இனி இணைய ஏலத்தின் ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பலரும் அறியாதது. போலிக் காசில் தங்கம் இருக்காது என்று நினைக்கிறோம். அது தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மத்திய கிழக்கிலும் தென் ஐரோப்பாவிலும் சொவரின் காசுக்கு அதன் தங்கத்தின் பெறுமதியை விட அதிக விலை கிடைத்தது. இத்தாலியின் மிலான் நகரிலும் லெபனானின் பெய்ரூட்டிலும் சில பட்டறைகள், ஏறக்குறைய சரியான எடையிலும் தரத்திலும் தங்கத்தைக் கொண்டே போலிச் சொவரின்களை அச்சிட்டன. பிரித்தானிய அரச நாணயச்சாலை 1957 இல் சொவரின் அச்சிடுவதை மீண்டும் தொடங்கியதற்கு, இந்தப் போலிகளை எதிர்கொள்வதும் ஒரு காரணமாகும். அந்தக் காலத்துப் போலிகள் இன்றும் சந்தையில் உலவுகின்றன. தராசில் வைத்தால் அவை தேறிவிடும். எழுத்தின் கூர்மையிலும், விளிம்பின் வரிகளிலும், புனித ஜோர்ஜின் முகத்திலும்தான் அகப்படும்.

இரண்டாவது, ஆண்டும் முத்திரையும். 1917 ஆம் ஆண்டுச் சொவரினை எடுத்துக்கொள்வோம். சிட்னி, மெல்பேர்ண், பேர்த், ஒட்டாவா நாணயச்சாலைகளும் அந்த ஆண்டு அதை அச்சிட்டன. அவற்றில் ஆண்டு எண்ணுக்கு மேலே, குதிரை நிற்கும் தரைப்பகுதியில், சிட்னிக்கு எஸ், பேர்த்துக்கு பி என்று மிகச் சிறிய ஓர் எழுத்து இருக்கும். லண்டனில் அச்சிட்டதில் எழுத்து இராது. லண்டன் காசுகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளமையால் அவற்றுக்குப் பெரும் விலை. சிட்னியிலும் பேர்த்திலும் அச்சிட்டவையோ தாராளமாகக் கிடைப்பவை. கடுகளவு எழுத்தொன்றைச் சுரண்டிவிட்டால் சாதாரணக் காசு அபூர்வக் காசாகிவிடும். கைத்தொலைபேசியில் எடுத்த மங்கலான படத்தில் இந்தச் சுரண்டலைக் கண்டுபிடிப்பது எவராலும் இயலாது.

மூன்றாவது, மலையகத்துக்கே உரிய சிக்கல். எமது வீடுகளில் இருந்த காசுகள் நகையாக வாழ்ந்தவை. மாலையில் கோப்பதற்காக ஒவ்வொன்றிலும் வளையம் பற்றவைக்கப்பட்டது. பண்டிகைக்குப் பண்டிகை பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்க்கப்பட்டது. வளையத்தைக் கழற்றி விளிம்பை அராவி மெருகிட்டால், படத்தில் காசு புத்தம் புதிதாகத் தோன்றும். சேகரிப்பவர் கண்ணில் அது காயம்பட்ட காசு. தங்கத்தின் விலை குறையாது, ஆனால் அபூர்வத்துக்கென்று கேட்கப்படும் மேல்விலை நியாயமற்றதாகிவிடும்.

நான்காவது, காசுமாலையின் எல்லாக் காசும் சொவரின் அல்ல. பொற்கொல்லர்கள் சொவரினைப் போலவும், இலட்சுமி உருவம் பொறித்தும் மெல்லிய காசுகளை அச்சில் அடித்து மாலை கட்டினார்கள். இது ஏமாற்று அல்ல. வாங்கியவரும் அறிந்தே வாங்கினார். மூன்று தலைமுறை கடந்தபின் அந்த அறிவு மறைந்து, "எல்லாம் வெள்ளைக்காரன் காசு" என்ற குடும்பக் கதை மட்டும் மிஞ்சிவிடுகிறது.

ஐந்தாவது, சட்டம். 9 ஆம், 10 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய, "ஸ்ரீ லங்கவிபு" என்று நாகரி எழுத்தில் பொறித்த கஹவணு என்னும் தங்கக் காசுகளும் ஏலத்துக்கு வருகின்றன. இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என வரையறுக்கிறது. அது கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் கையளிக்கப்பட்ட நாள். உரிய அனுமதிப்பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. அனுமதியின்றி வந்த கஹவணு உண்மையானதாயின் சட்டச் சிக்கல். போலியாயின் பண நட்டம். அந்த வரையறைத் திகதிக்கு இரண்டாண்டுகள் பின்னர் பிறந்த சொவரினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சுங்க விதிகள் வேறு.

ஆறாவது, கதை. 1961 இல் தென்கிழக்குக் கடலில் கிரேட் பாசஸ் பாறைத்தொடருக்கு அருகே மூழ்கிய கப்பலொன்றில், ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாக்கள் பெருந்தொகையாகக் கண்டெடுக்கப்பட்டன. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் தொடர்புபட்ட அந்தக் கண்டெடுப்புக்குப் படங்கள் உண்டு, நூல் உண்டு, ஆண்டு உண்டு. உண்மையான புதையலுக்குத் தடயம் இப்படி இருக்கும். "ஒரு துரை புதைத்து வைத்தாராம்" என்பது தடயமாகாது.

அப்படியானால் தரச்சான்று என்பது என்ன? அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949 இல் காசுகளின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் முறையை முன்வைத்தார். 1986 இல் பி.சி.ஜி.எஸ்., 1987 இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் பணியைத் தொடங்கின. விற்பவருமல்லாத வாங்குபவருமல்லாத மூன்றாமவர் சொல்லும் சாட்சி என்பதே இதன் பெறுமதி. விற்பவரே "இது 65 ஆம் தரம்" என்று எழுதுவது சாட்சியாகாது. அந்த உறைகளுக்கும் போலி வந்துவிட்டது. ஆகவே உறையில் உள்ள இலக்கத்தை அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தேடி, அங்கே படம் இருந்தால் காசின் ஒவ்வொரு கீறலையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பேராதனையில் என்னுடன் கலைப்பீடத்தில் படித்த நண்பர் ஒருவர் ஹட்டனுக்கு அருகே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனார் சின்னக் கங்காணி. வீட்டில் இருபத்தொரு காசு கொண்ட மாலை ஒன்று இருந்தது. மகளை வெளிநாட்டில் தாதியர் படிப்புக்கு அனுப்புவதற்காக அதை விற்க எண்ணினார். தரகர் ஒருவர், முழு மாலையையும் விக்டோரியா காலத்துச் சொவரின் மாலை என்று இணைய ஏலத்தில் போடலாம், வெளிநாட்டவர் போட்டி போட்டு வாங்குவார்கள் என்றார். நண்பர் எனது சொற்கேட்டு, முதலில் நம்பிக்கையான பொற்கொல்லர் ஒருவரிடம் கொண்டுபோனார். நானும் உடன் சென்றேன். உரைகல், தராசு, உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகிய மூன்றும் சேர்ந்து அரைமணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டன. ஆறு காசுகள் சொவரின். அவற்றில் ஒன்று 1918 இல் பம்பாயில் அச்சிடப்பட்டது. ஐ என்ற சிறு எழுத்து அதில் தெளிவாக இருந்தது. மற்றைய பதினைந்தும் பட்டறையில் அடித்த, தரம் குறைந்த காசுகள்.

தரகர் அதைக் கேட்டும் அசரவில்லை. "படத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "வாங்குறவரு நம்ம தோட்டத்துப் புள்ளையா இருந்தா என்னா செய்றது?" என்று கேட்டுவிட்டு மாலையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஐந்து சொவரினையும் பட்டறைக் காசுகளையும் தங்கத்தின் விலைக்கே விற்றார். எதிர்பார்த்த தொகையில் பாதிகூட வரவில்லை. மீதிக்குக் கடன் வாங்கினார். மகள் போய்விட்டாள். பம்பாய்க் காசு இன்னும் வீட்டில் இருக்கிறது.

வாங்க விரும்பும் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. எடை 7.98 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர் என்ற இரண்டையும் படத்தோடு கேளுங்கள். எடை தெரியாத காசை விலை பேசாதீர்கள். தரச்சான்று இல்லாத காசுக்குத் தங்கத்தின் விலைக்கு மேல் பெரிதாக எதுவும் கொடுக்காதீர்கள். கதைக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். திருப்பி ஏற்பதாக எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள். ஏலம் முடிய இன்னும் இரண்டு நிமிடம் என்று திரை காட்டும்போது, அந்த இரண்டு நிமிடத்துக்குள் எவருடைய எத்தனை நாள் உழைப்பு கைமாறப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் காசு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். இருபுறமும் படம் எடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் அணிந்தது, எப்போது அடகுக்குப் போய் எப்போது மீண்டது என்பதைப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் நாணயம் என்று ஒரே சொல்தான். உங்கள் காசைப் பற்றி நாளை ஒரு பேரப்பிள்ளை கேட்டால், நீங்கள் எழுதிவைத்த அந்த ஒரு பக்கமே அதற்குரிய சாட்சி.